நிரையும் நிரலும்: ஆய்வுகூடத் தட்டு ஒன்றின் இலக்கணம்

பரீட்சை மண்டபத்திலே மேசைகளை ஒழுங்குபடுத்திய அநுபவம் ஆசிரியர் அனைவர்க்கும் உண்டு. குறுக்கே செல்வது நிரை. நெடுக்கே செல்வது நிரல். மேசைதோறும் ஒரு சுட்டெண் ஒட்டப்படும். மாணவன் விடைத்தாளிலே தன் பெயரை எழுதுவதில்லை, சுட்டெண்ணையே எழுதுவான். விடைத்தாளைத் திருத்துபவர் அவன் முகத்தை அறியார், பெயரையும் அறியார். ஆதலால், ஒருவன் எழுதிய விடையின்மேல் மற்றொருவன் சுட்டெண் ஏறிவிடின், திருத்துபவர் எத்துணை நடுவுநிலைமையோடு திருத்தினும் பயன் யாது? புள்ளிகள் யாவும் சரியாகவே இருக்கும்; அவற்றைப் பெற்ற மாணவர் மட்டும் மாறியிருப்பர்.

இதனை அண்மையில் எனக்கு நினைவூட்டியவர், ஒரு காலத்திலே என்னிடம் தமிழ் பயின்று, இப்பொழுது பிறநாட்டு மருத்துவ ஆய்வுகூடமொன்றிலே பணியாற்றும் பழைய மாணவர் ஒருவராவர். விடுமுறையில் வந்திருந்த அவர், தம் ஆய்வுகூடத்தில் நேர்ந்த ஒரு பிழையை விரிவாகக் கூறி, "ஐயா, நிரல்நிறை என்று நீங்கள் படிப்பித்தது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது" என்றார். அப்பிழை யாது, அஃது எவ்வாறு நேர்ந்தது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். விஞ்ஞானம் பயிலாதாரும் விளங்கிக்கொள்ளுமாறு அடிப்படையிலிருந்தே தொடங்குவாம்.

நிறப்பகுப்பு

பல பொருள்கள் கலந்த கரைசலொன்றிலிருந்து ஒவ்வொன்றையும் வேறுவேறாகப் பிரித்தறியும் முறைகளுள் ஒன்று நிறப்பகுப்பு. குரோமற்றோகிராபி என ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே. இம்முறையை 1903ஆம் ஆண்டிலே வார்சோ நகரில் முதன்முதல் எடுத்து விளக்கியவர் மிக்கேல் சுவெற் என்னும் இரசியத் தாவரவியலறிஞர். கண்ணாடிக் குழாயொன்றிலே சுண்ணத்தூளை நெருங்க அடைத்து, இலையிலிருந்து எடுத்த சாற்றை அதன் தலையிலே வார்த்து, பின்னர்த் தூய கரைப்பானைத் தொடர்ந்து செலுத்தினார். சாற்றிலிருந்த பச்சை நிறப்பொருள்களும் மஞ்சள் நிறப்பொருள்களும் வெவ்வேறு வேகத்தில் இறங்கி, வெவ்வேறு வளையங்களாகப் பிரிந்து நின்றன. தூளை இறுகப் பற்றும் பொருள் பிந்தும், பற்றாத பொருள் முந்தும், இதுவே தத்துவம். 1906ஆம் ஆண்டிலே அவர் இம்முறைக்கு இட்ட பெயர், நிறம், எழுத்து என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆயது. அவருடைய குடும்பப் பெயராகிய சுவெற் என்பதும் இரசிய மொழியிலே நிறத்தைக் குறிக்கும் சொல்லாதல் ஓர் இனிய ஒற்றுமை.

பின்னர், 1941ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் மாட்டின், சிஞ் என்னும் இருவர், இரு திரவங்களுக்கிடையே ஒரு பொருள் பங்கிடப்படும் இயல்பைக் கொண்டு இம்முறையைப் பெரிதும் வளர்த்தனர். அதற்காக 1952ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இக்காலத்துத் திரவ நிறப்பகுப்புக் கருவியிலே கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக உருக்குக் குழாய் உண்டு. கையால் ஊற்றுவதற்குப் பதிலாக உயர்ந்த அமுக்கத்திலே திரவத்தைச் செலுத்தும் பம்பி உண்டு. குழாயின் மறுமுனையிலுள்ள உணர்கருவி, ஒவ்வொரு பொருளும் வெளிவருந்தோறும் ஒரு முடியை வரைந்து காட்டும். முடி தோன்றும் நேரம் பொருள் யாதெனக் கூறும். முடியின் பரப்பு அதன் அளவைக் கூறும். இன்று பகுக்கப்படும் பொருள்களுட் பல நிறமற்றவை. பெயர் மட்டும் பழைய நிறத்தைச் சுமந்து நிற்கின்றது.

கண்ணில்லாத ஊசி

முற்காலத்திலே ஒருவர் கருவியின் அருகிலிருந்து, மாதிரி ஒவ்வொன்றையும் ஊசியால் எடுத்து ஏற்றுவார். இன்று அப்பணியைச் செய்வது ஓட்டோசாம்பிளர் எனப்படும் தன்னியக்க மாதிரியேற்றி. மாதிரிகளைத் தாங்கிய தட்டொன்றை அதனுள்ளே வைத்துவிட்டால், அதன் ஊசி ஒவ்வொரு குழிக்கும் சென்று, இறங்கி, சில மைக்கிரோலீற்றர் அளவை உறிஞ்சிக் குழாயினுட் செலுத்தும். இரவு முழுவதும் ஆளின்றியே வேலை நடக்கும்.

ஆயின் அவ்வூசிக்குக் கண் இல்லை. தட்டு எங்கேயுள்ளது, குழி எங்கேயுள்ளது, எவ்வளவு ஆழமானது என்பனவற்றை அது பார்த்து அறிவதில்லை. கணினியிலே நாம் எழுதிவைத்த தட்டு வரையறை யாது கூறுமோ, அதனையே அது நம்பும். உள்ளதை எழுதினால் உள்ளவிடத்திலே இறங்கும். இல்லாததை எழுதினால் இல்லாதவிடத்திலும் இறங்கும்.

குழித்தட்டின் வரலாறு 1951ஆம் ஆண்டிலே ஹங்கேரி நாட்டிலே தொடங்குகின்றது. இன்புளுவன்சா நோய்க்கான சோதனைகளைச் சிறிய அளவிலே பெருந்தொகையாகச் செய்யவேண்டி, கியூலா தக்காற்சி என்னும் மருத்துவ அறிஞர் அக்கிரிலிக் பலகையிலே வரிசை வரிசையாகக் குழிகளைக் குடைந்தார். இன்று பெருவழக்கிலுள்ள தட்டு 8 நிரைகளும் 12 நிரல்களுமாக 96 குழிகளையுடையது. நிரைகள் ஏ முதல் எச் வரையுள்ள ஆங்கில எழுத்துக்களாலும், நிரல்கள் 1 முதல் 12 வரையுள்ள எண்களாலும் வழங்கும். 384 குழிகளும் 1536 குழிகளும் உடைய தட்டுகளும் உள. 2004ஆம் ஆண்டிலே இத்தட்டுகளின் அளவு அமெரிக்கத் தேசிய நியமமாக வகுக்கப்பட்டது. நீளம் 127.76 மில்லிமீற்றர், அகலம் 85.48 மில்லிமீற்றர். அடுத்தடுத்த குழிகளின் மையங்களுக்கிடையேயான தூரம் 96 குழித் தட்டிலே 9 மில்லிமீற்றர். 384 குழித் தட்டிலே 4.5 மில்லிமீற்றர், 1536 குழித் தட்டிலே 2.25 மில்லிமீற்றர்.

வழக்கமான தட்டுகளின் வரையறைகளைக் கருவி செய்வோரே கணினியில் எழுதித் தருவர். ஆயினும், ஆய்வுகூடங்கள் அவற்றோடு அமைந்துவிடுவதில்லை. ஓரிடத்திலே புதிய ஆழ்குழித் தட்டை வாங்குவர். மற்றோரிடத்திலே சிறு குழாய்களைத் தாங்குவதற்குத் தாமே பலகையிலே துளையிடுவர். அப்பொழுது வரையறையையும் தாமே எழுதுதல் வேண்டும். அங்கேதான் கவனம் வேண்டப்படுகின்றது.

தட்டை அளத்தல்

எழுதவேண்டியன பின்வருவன: தட்டின் நீள அகல உயரங்கள், நிரைகளின் தொகை, நிரல்களின் தொகை, முதற்குழியின் மையம் இடப்பக்க விளிம்பிலிருந்தும் மேற்பக்க விளிம்பிலிருந்தும் உள்ள தூரங்கள், நிரைகளுக்கிடையேயும் நிரல்களுக்கிடையேயும் உள்ள தூரங்கள், குழியின் விட்டமும் ஆழமும், இறுதியாக, குழிகளை எண்ணும் ஒழுங்கு.

ஓர் உதாரணம் காண்பாம். மேற்கூறிய நியம நீள அகலங்களையுடைய பலகையொன்றிலே 4 நிரை, 6 நிரலாக 24 துளைகளை, 18 மில்லிமீற்றர் இடைவெளியிலே, நான்கு பக்கமும் சமமாக இடுகின்றோம் எனக் கொள்வோம். ஆறு நிரல்களுக்கு இடைவெளிகள் ஐந்து. ஆகவே 90 மில்லிமீற்றர். நீளமாகிய 127.76 இலிருந்து 90 ஐக் கழிக்க 37.76, அதிற் பாதி 18.88. அதுவே இடப்பக்க விளிம்பிலிருந்து முதற்றுளையின் மையத்திற்குள்ள தூரம். நான்கு நிரைகளுக்கு இடைவெளிகள் மூன்று, 54 மில்லிமீற்றர். 85.48 இலிருந்து கழிக்க 31.48, அதிற் பாதி 15.74. அது மேற்பக்க விளிம்பிலிருந்துள்ள தூரம். ஆறு மேசைகளுக்கிடையே ஆறு இடைவெளிகள் என எண்ணும் மாணவரை நாம் வகுப்பிலே காண்பதுண்டு. அத்தவறே இங்கும் முதலாவதாகக் காத்திருக்கும் தவறு.

இரண்டாவது தவறு நுட்பமானது. இடைவெளியிலே செய்யும் சிறு வழு முதற்குழியிலே தோன்றாது. குழிதோறும் கூடிக்கொண்டே செல்லும். 384 குழித் தட்டிலே 4.5 என எழுதவேண்டியவிடத்து 4.6 என எழுதினாரெனின், இரண்டாம் நிரலில் வழு 0.1 மில்லிமீற்றரே, ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. இருபத்துநான்காம் நிரலிலோ அது 2.3 மில்லிமீற்றர்; குழிகளுக்கிடையேயான தூரத்தின் பாதியையும் கடந்த அளவு. ஊசி குழியினுள் இறங்காது, சுவரிலே மோதும். ஆதலால், அடுத்தடுத்த இரு குழிகளை அளந்து இடைவெளியைத் துணிதல் கூடாது. முதற்குழியின் மையத்திலிருந்து கடைக்குழியின் மையம்வரை வேணியர் இடுக்கிமானியால் அளந்து, இடைவெளிகளின் தொகையால் வகுத்தல் வேண்டும். வரையறையை எழுதி முடித்தபின், நான்கு மூலைக் குழிகளுக்கும் ஊசியை மெல்லச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். நான்கு மூலைகளிலும் நடுவே இறங்கினால், அளவுகள் செம்மையானவை எனக் கொள்ளலாம்.

ஆழம்

நியம உயரமுடைய ஆழமில்லாத தட்டு 14.35 மில்லிமீற்றர் உயர்வது. 2 மில்லிலீற்றர் கொள்ளும் ஆழ்குழித் தட்டுகளோ 40 மில்லிமீற்றருக்கும் மேல் உயர்வன. முன்னதன் வரையறையை வைத்துக்கொண்டு பின்னதை உள்ளே இட்டால், பக்கவாட்டிலே நகரும் ஊசி தட்டின் உடலிலேயே மோதி வளையும். தட்டின்மேல் மூடியிடுவோர் மூடியின் உயரத்தையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

ஊசி அடியிலே முட்டலாகாது. மிக உயரத்தில் நிற்கவும் கூடாது. 10 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள தட்டையடிக் குப்பியிலே, அடியிலிருந்து 2 மில்லிமீற்றர் உயரத்தில் ஊசி நிற்பதாயின், அதன்கீழ் எஞ்சும் திரவம் 3.14 × 5 × 5 × 2, அஃதாவது 157 கன மில்லிமீற்றர். ஒரு கன மில்லிமீற்றர் ஒரு மைக்கிரோலீற்றர் ஆதலால், 157 மைக்கிரோலீற்றர் எட்டாமலே கிடக்கும். குழந்தையொன்றின் விரலிலிருந்து அரிதாக எடுத்த இரத்தத்திலே மாதிரி செய்தோர்க்கு அதுவே முழுச் சொத்தாகவும் இருக்கலாம். அடி கூம்பாக ஒடுங்கிய குழாயிலே அதேயுயரத்திற்கு எஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே அடியின் வடிவறிந்தே ஊசியின் உயரத்தைத் துணிய வேண்டும். முதலில் ஊசியை வேண்டியதிலும் உயரமாக நிறுத்தி, மாதிரிக்குப் பதிலாக நீரையிட்டு, சிறிது சிறிதாகத் தாழ்த்துதலே அநுபவமுடையோர் கைக்கொள்ளும் வழி.

ஒழுங்கு

இதுவரை கூறிய தவறுகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பன. ஊசி வளையும், கருவி நிற்கும், முடி தோன்றாது. நம் பழைய மாணவர் கூறிய தவறோ ஓசையின்றி நிகழ்ந்தது.

அவ்வாய்வுகூடத்திலே அளக்கப்பட்ட மருந்து தக்ரோலிமஸ் என்பது. யப்பான் நாட்டிலே சுக்குபா என்னுமிடத்து மண்ணிலிருந்த நுண்ணுயிரொன்றிலிருந்து 1984ஆம் ஆண்டிலே அறியப்பட்ட மருந்து இது. பிறர் தந்த சிறுநீரகத்தையோ ஈரலையோ பெற்றுக்கொண்டவரின் உடல் அதனை அந்நியமென்று ஒதுக்காதிருத்தற்பொருட்டுக் கொடுக்கப்படுவது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்திலே பெரும்பாலும் 5 முதல் 15 நனோகிராம் அளவிலே இதனை வைத்திருக்க வைத்தியர் முயல்வர். நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. மருந்து குறைந்தால் உடல் புதிய உறுப்பை எதிர்க்கும். மிகுந்தால் அம்மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே வைத்தியர் ஆய்வுகூடத்தின் எண்ணைப் பார்த்தே குளிசையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கம்.

புதிய ஆழ்குழித் தட்டொன்றை வாங்கியபோது, அதன் வரையறையை ஆய்வுகூடத்தார் தாமே எழுதினர். நீள அகலமும் ஆழமும் இடைவெளியும் சரியாகவே அளக்கப்பட்டன. குழிகளை எண்ணும் ஒழுங்கு மட்டும் நிரல்வழியாக நின்றுவிட்டது. அஃதாவது கருவி முதல் நிரலிலே மேலிருந்து கீழாக எட்டுக் குழிகளை எண்ணி, அதன்பின் இரண்டாம் நிரலுக்குச் செல்லும். மாதிரிகளை இட்டவரோ நிரைவழியாக, முதல் நிரையிலே இடமிருந்து வலமாகப் பன்னிரண்டை இட்டு, அதன்பின் இரண்டாம் நிரைக்குச் சென்றார். பெயர்ப்பட்டியலிலே குழியின் முகவரிக்குப் பதிலாக 1 முதல் 96 வரை தொடரெண்ணே எழுதப்பட்டிருந்தது.

அளவு தெரிந்த நியமக் கரைசல்கள் வேறொரு தாங்கியிலே இருந்தமையால், அவை பழுதுபடவில்லை. தட்டின் தரத்தைச் சோதிக்கும் மாதிரிகள் முதற்குழியிலும் கடைக்குழியிலும் இருந்தன. அவையிரண்டும் சரியான விடையையே தந்தன. தருதல் இயல்பே. நிரைவழி எண்ணினும் நிரல்வழி எண்ணினும் ஒரே எண்ணைப் பெறும் குழிகள் 96இலே இரண்டே இரண்டு: முதலாவதும் தொண்ணூற்றாறாவதும். ஏனைய 94 குழிகளும் இடம்மாறும். தலையும் வாலும் சரியெனக் கண்டு, உடல் முழுவதும் சரியென நம்பினர்.

உண்மையை வெளிப்படுத்தியது ஒரு வெற்றுக்குழி. இருபத்தொன்பதாம் நோயாளியின் இரத்தம் போதாமையால், அவருக்குரிய சி-5 என்னும் குழி வெறுமையாக விடப்பட்டிருந்தது. ஆயின் 29ஆம் எண்ணுக்கு நேரே மருந்தின் அளவொன்று அழகாக அச்சாகி வந்தது. நிரல்வழியாக 29ஆவதாகக் கருவி சென்ற குழி ஈ-4. அதிலே இருந்தது 52ஆம் நோயாளியின் இரத்தம். அவ்வாறே, மாதிரி கொடுத்திருந்த 35ஆம் நோயாளிக்கு யாதொன்றும் இல்லையென வந்தது. ஏனெனின் 35ஆவதாகக் கருவி சென்ற குழியே அவ்வெறுங்குழி. இல்லாத இரத்தத்தில் மருந்து இருப்பதெங்ஙனம் என்று ஒருவர் கேட்டமையாலே, அறிக்கைகள் வெளியேறுமுன் நிறுத்தப்பட்டன. அன்று அந்த ஒரு குழியும் நிரம்பியிருந்தால், மருந்து மிகுந்தவருக்கு இன்னும் கூட்டியும், குறைந்தவருக்கு இன்னும் குறைத்தும் எழுதியிருப்பர் வைத்தியர். அளவை ஒவ்வொன்றும் பிழையற்றது, ஆள்தான் மாறியவர்.

நிரல்நிறை

பொருள்கோள் எட்டனுள் நிரல்நிறை என்பதொன்றை நாம் நன்னூலிலே படித்துள்ளோம். 'கண்ணும் செவியும் ஒளியும் ஒலியும் அறியும்' என ஒரு தொடரை அமைத்தால், கண் ஒளியையும் செவி ஒலியையும் அறியும் எனப் பொருள் கொள்வோம். எது எதனோடு சேரும் என்பதைச் சொல்லும் தனிச்சொல் தொடரிலே இல்லை. வரிசை ஒன்றே அதனைச் சொல்லுகின்றது. சொல்வோனும் கேட்போனும் ஒரே வரிசையைக் கொண்டால் மட்டுமே பொருள் நிலைக்கும். பெயர்ப்பட்டியலும் குழித்தட்டும் அத்தகைய இரு வரிசைகளே. அவற்றை இணைப்பது ஒழுங்கன்றி வேறில்லை.

இலக்கணத்திலே எதிர் நிரல்நிறையும் உண்டு. முன்வரிசையின் முதல், பின்வரிசையின் கடையோடு சேர்வது. தட்டிலும் அஃது உண்டு. செவ்வகத் தட்டு, தலைகீழாகத் திருப்பினாலும் அவ்விடத்திலே பொருந்துவது. அவ்வாறு திருப்பினால் முதற்குழி தொண்ணூற்றாறாவதாகும், இரண்டாங்குழி தொண்ணூற்றைந்தாவதாகும். அதனாலேயே பல தட்டுகளின் மூலை வெட்டப்பட்டிருக்கின்றது. அவ்வடையாளம் எப்பக்கம் இருத்தல் வேண்டும் என்பதையும் வரையறையோடு எழுதி வைத்தல் நன்று.

இவற்றையெல்லாம் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. தட்டிலே ஏ-2 என்னும் ஒரு குழியில் மட்டும் தெரிந்த பொருளொன்றை இட்டு, ஏனையவற்றிலே வெறுங்கரைப்பானை இடுக. பின்னர் 2, 9, 88, 95 ஆகிய நான்கு எண்களுக்கு மட்டும் ஊசியைச் செலுத்துக. முடி 2இலே தோன்றினால் கருவி நிரைவழி எண்ணுகின்றது. தட்டும் நேரே இருக்கின்றது. 9இலே தோன்றினால் நிரல்வழி எண்ணுகின்றது. 95இலே தோன்றினால் நிரைவழியே எண்ணினும் தட்டுத் திருப்பி வைக்கப்பட்டுள்ளது. 88இலே தோன்றினால் இரு தவறும் ஒருங்கே நேர்ந்தன. ஒரு முறைக்கு மூன்று நிமிடம் செல்லுமாயின், பன்னிரண்டு நிமிடத்திலே ஐயம் நீங்கும். முதற்குழியையும் கடைக்குழியையும் நூறுமுறை சோதிப்பினும் இவ்வையம் முழுதும் நீங்காது.

அதனோடு மூன்று வழக்கங்களையும் மேற்கொள்ளல் தகும். தொடரெண்ணை மட்டும் எழுதாது, சி-5 என்பதுபோல முகவரியையும் பட்டியலிலே எழுதுக. பழைய வரையறையைத் திருத்தி அதன்மேலேயே எழுதாது, புதிய பெயரும் திகதியும் இட்டு வேறாக வைக்குக. எழுதியவர் அல்லாத மற்றொருவர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரையறையை ஒருமுறை வாசிக்கக் கேட்குக. அவ்வாய்வுகூடத்தார் இப்பொழுது வெற்றுக்குழியொன்றையும் தட்டின் நடுவே வேண்டுமென்றே விடுகின்றனராம். அன்று தற்செயலாக அமைந்த காவலை இன்று நியமமாக்கிக்கொண்டனர்.

மண்டபத்திலே மேசைகளை ஒழுங்குசெய்தபின் முதல்மேசையிலிருந்து கடைமேசைவரை ஒருமுறை நடந்து, சுட்டெண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் நல்ல மேற்பார்வையாளர். அந்நடைக்குப் புள்ளி இல்லை. நன்றி கூறுவாரும் இல்லை. மாணவர் அதனை அறியவும் மாட்டார். தூரதேசத்து வைத்தியசாலையிலே முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளியும் தம் பெயரோடு தம் இரத்தமே சேரும்படி ஒருவர் குழிகளை எண்ணிப் பார்த்தார் என்பதை அறியார். அறியாதாரின் பொருட்டும் கணக்கைச் சரிபார்த்தல் கற்றவர் கடன். அக்கடனை ஆய்வுகூடங்களிலும் அலுவலகங்களிலும் அமைதியாக ஆற்றிவரும் நம் பழைய மாணவர்க்கு இச்சிறு கட்டுரை உரித்தாகுக.